வைக்கோல் படப்புக்கு எதிர்த்த சந்து

பத்தமடையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை எங்களுக்கு உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்பது வயதுக்காரர் ஒருவரை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு, ஊருக்கு ஊர் காரை நிறுத்தி வழி கேட்டவள் நான்தான். பாதிப் பேரிடம் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். அந்தக் குறை மனதில் கிடப்பதால்தான் இந்த மடல்.

திருநெல்வேலியிலிருந்து அம்பைக்கு ஒரு மணி நேரம், கூடிப்போனால் ஒன்றரை. எங்களுக்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. அப்பா 1961-ல், பதினாறு வயதில், கல்லிடைக்குறிச்சியை விட்டு ரயிலேறியவர். தாத்தா அங்கே ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதினார். ஆச்சி வீரவநல்லூர்க்காரி. அப்பாவிடம் இருந்த அடையாளங்கள் எல்லாம் அந்த வருஷத்தோடு நின்றுபோனவை. "வைக்கோல் படப்புக்கு எதிர்த்த சந்து எது?" "குதிரை வண்டி நிற்கிற இடத்திலிருந்து நாலாவது வீடு யாருது?" இப்படித்தான் கேட்பார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கேட்கப்பட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க சொல்றது இப்ப செல்போன் கடை இருக்கே, அதுக்குப் பின்னால" என்று பதில் வரும்.

முதலில் பத்தமடை அக்காவுக்கு. தாத்தாவும் ஆச்சியும் உட்கார்ந்த கல்யாணப் பாயைச் சுருட்டி எடுத்துப் போயிருந்தோம். இருவர் பெயரும் அதில் நெய்திருக்கும். ஓரம் மட்டும் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கையால கீறின கோரை. இவ்வளவு நைசாக் கீற இப்ப ஆள் கொறச்சல்" என்றீர்கள். ஆற்றங்கரைக் கோரையை வெட்டிக் காயவைத்து, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, நூல் மாதிரிக் கிழித்து, பருத்திப் பாவில் கோத்து வாங்குகிற வேலையை ஒரு மணி நேரம் அப்பாவுக்குக் காட்டினீர்கள். பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோதே ஓரத்தையும் கட்டி முடித்துவிட்டீர்கள். காசை நீட்டியதும், "கல்யாணப் பாய்க்கு என்ன காசு, தங்கச்சி" என்று என் கையை மடக்கிவிட்டீர்கள். அந்த ஓரம் இன்னும் ஒரு தலைமுறை தாங்கும்.

அடுத்து, டிராக்டர் அண்ணாச்சி. சேரன்மகாதேவி தாண்டியதும் கைபேசி காட்டிய குறுக்கு வழியை நம்பி, கன்னடியன் கால்வாய்க் கரையில் இறங்கிச் சேற்றில் மாட்டிக்கொண்டது என் தப்புதான். அப்பா அப்போதே, "கால்வாய்க் கரையில வண்டி போகாதும்மா" என்றார். பிசானப் பருவ நெல் அறுவடை நேரத்தில் ஒரு டிராக்டர் அரை மணி நேரம் சும்மா நின்றால் என்ன நஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் நெல் மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டு வந்து கயிறு கட்டி இழுத்தீர்கள். அப்பாவோ உதவி செய்கிறவரிடமே, "இது என்ன ரகம்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். "அம்பை பதினாறு" என்று அம்பாசமுத்திரத்துப் பெயரிலேயே உள்ள நெல்லைச் சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்கோ பரிசு வாங்கிய சொந்தக்காரப் பையனைப் பற்றிக் கேட்டதுபோல.

காருக்குறிச்சி டீக்கடையில் இரண்டு டீ, நாலு பேர், முக்கால் மணி நேரம். அந்த ஊர் நாதஸ்வர வித்வான் காருக்குறிச்சி அருணாசலத்தின் வாசிப்பைச் சின்ன வயதில் ஒரு கல்யாணப் பந்தலில் நேரே கேட்டவர் என்பதற்காகவே அப்பாவிடம் டீக்காசு வாங்க மறுத்த மாஸ்டருக்கு நன்றி. வீரவநல்லூரில் ஆச்சி வீட்டை யாராலும் அடையாளம் காட்ட முடியவில்லை. ஆனாலும் மூன்று தெரு கூடவே நடந்து வந்த தறிக்காரப் பெரியவருக்கும் நன்றி.

கல்லிடைக்குறிச்சியில் அந்த நாலாவது வீடு இல்லை. இடித்து மாடி கட்டியிருக்கிறார்கள். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த வீட்டு மதினி எங்களை உள்ளே கூப்பிட்டு, பின்கட்டில் பழைய கிணறு மட்டும் அப்படியே இருப்பதைக் காட்டி, ஒரு வாளி தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். அப்பா முகம் கழுவிக்கொண்டார். சில இடங்களில் நன்றி என்று சொல்வதே கொஞ்சம் குறைவாகத்தான் தெரிகிறது, மதினி.

பிறகு குலசேகரமுடையார் கோயில். 1982-ல் திருட்டுப் போய், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு வரைக்கும் போய்விட்ட நடராஜர் 2019-ல் திரும்பி வந்த கதையை, நடை சாத்துகிற நேரத்தையும் பார்க்காமல் ஒருவர் சொன்னார். அப்பா கேட்டுவிட்டு, "சாமிக்கு முப்பத்தேழு வருஷம். எனக்கு அறுபது தாண்டிப் போச்சே" என்றார். அன்று அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

சாயங்காலம் படித்துறை. அப்பா நீச்சல் பழகிய இடம். பாசி வழுக்கும் என்று நான் தடுத்தேன். அங்கே குளித்துக்கொண்டிருந்த கல்லூரித் தம்பிகள் இரண்டு பேர், "நாங்க பிடிச்சுக்கிடுதோம்க்கா, தாத்தா முங்கட்டும்" என்று ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று முங்கு. தலை துவட்டத் துண்டும் அவர்களுடையதுதான்.

அந்த அவசரத்தில் அப்பாவின் கண்ணாடிக் கூடு படியிலேயே தங்கிவிட்டது. அந்தத் தம்பிகளில் ஒருவரான நீங்கள்தான் உள்ளே இருந்த சீட்டைப் பார்த்து எனக்குப் போன் செய்து முகவரி வாங்கினீர்கள். மூன்றாம் நாள் கூரியரில் கூடு வந்தது, கூடவே ஒரு கட்டு கல்லிடைக்குறிச்சி அப்பளம். கூரியருக்கு எவ்வளவு ஆனது என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன், பதிலே இல்லை. தம்பி, தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அப்பா தினமும் கேட்கிறார்.