தோட்டா ஏறும் சத்தம்

ராஜபாளையம்
மே 18

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். எழுதினால் படித்துத்தான் ஆகவேண்டும்.

டான்சானியாவில் ஜூலை 1-ஆம் தேதி வேட்டை சீசன் திறக்கிறது, வேட்டை வழிகாட்டியாகப் பழக அதற்குள் சொந்தத் துப்பாக்கி ஒன்று வேண்டும், மூன்று விலைக்கு வந்திருக்கிறது, எதை எடுக்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். பழைய புர்னோ 602, .375 அங்குலக் குண்டு. அப்புறம் சி.இசட். 550, .458 லாட் ரகத் தோட்டா. மூன்றாவது, அந்தக் கிழவர் தவணையில் தருகிறேன் என்கிற இரட்டைக்குழல் .470. நீ கேட்ட விதத்திலேயே மனசு லாட் பக்கம் சாய்ந்திருப்பது தெரிகிறது. ".375 சின்னதுப்பா" என்று சொன்னபோது குரலில் ஒரு அலட்சியம் இருந்தது. அந்த அலட்சியத்துக்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

காசு கட்டி வேட்டைக்கு வருகிறவரின் தேவை வேறு, உன் தேவை வேறு. அவர் ஐம்பது அறுபது மீட்டரில், ஆப்பிரிக்கக் காட்டு எருமை அசையாமல் நிற்கும்போது, முக்காலிக் குச்சி மேல் வைத்து நிதானமாகச் சுடுவார். நீ சுடவேண்டி வந்தால் ஏற்கெனவே ஏதோ தப்பாகிவிட்டது என்று அர்த்தம். குண்டு பின்னால் தள்ளிப் பட்டிருக்கும், எருமை புதருக்குள் போயிருக்கும். அது திரும்பி வரும்போது உனக்கும் அதற்கும் நடுவில் பத்து மீட்டர் இருந்தால் அதிகம். அறுநூறு எழுநூறு கிலோ உடம்பு. அந்த இடத்தில் பெரிய குண்டுக்கு மதிப்பு உண்டு, இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில்தான் மற்ற எல்லாவற்றுக்கும் மதிப்பு அதைவிட அதிகம்.

.375-ஐ 1912-இல் லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி கொண்டுவந்தது. 300 கிரெய்ன் குண்டு, நம் கணக்கில் பத்தொன்பது கிராம் சொச்சம், வினாடிக்கு 2,500 அடி வேகம். டான்சானியாவில் ஆபத்தான விலங்குக்குக் கீழ்வரம்பு அதுதான். ஜிம்பாப்வேயில் யானைக்கும் எருமைக்கும் 9.2 மில்லிமீட்டர், 5.3 கிலோஜூல் என்று சட்டத்திலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்; .375 அதையும் தாண்டிவிடும். கார்டைட் என்ற அந்தக் காலத்து வெடிமருந்துக்காக நீளமாக, நுனி நோக்கிச் சரிவாகச் செய்த தோட்டா. கார்டைட் போய் எத்தனையோ காலம் ஆயிற்று, சரிவு மட்டும் மிச்சம். அந்தச் சரிவால்தான் அது சேம்பருக்குள், அதாவது தோட்டா உட்காரும் குழலடி அறைக்குள், எண்ணெய் தடவியதுபோல வழுக்கிப் போகிறது, வெயிலில் காய்ந்த துப்பாக்கியிலும் சுட்டபின் ஒட்டாமல் வெளியே வருகிறது.

உடனே யாராவது உன்னிடம் கராமோஜோ பெல் கதையைச் சொல்வார்கள். ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டவர், அதில் பெரும்பகுதி .375-ஐவிடச் சின்னதான 7 மில்லிமீட்டர் துப்பாக்கியால். உண்மைதான். மனுஷன் யானை மண்டையை ரம்பத்தால் அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கற்றுக்கொண்டவர். ஆனால் அவர் சுட்ட யானைகளில் பெரும்பாலானவை அவர் இருப்பதையே அறியாமல் நின்றவை. அவர் முதுகுக்குப் பின்னால் அமெரிக்காவிலிருந்து வந்த பல் டாக்டர் யாரும் நின்றுகொண்டிருக்கவில்லை. அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு.

சரி, லாட்டுக்கு வருகிறேன். 1956-இல் வின்செஸ்டர் .458 மேக்னம் வந்தது. இங்கிலீஷ்காரன் இரட்டைக்குழல் செய்கிற வேலையை கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுகிற மலிவான போல்ட் துப்பாக்கியால் செய்யலாம் என்பது யோசனை. ஆனால் சாதாரண நீளமுள்ள துப்பாக்கியில் அடங்கவேண்டும் என்பதற்காகத் தோட்டாவைக் குட்டையாக்கினார்கள். 500 கிரெய்ன் குண்டுக்குத் தேவையான மருந்தை அதற்குள் அமுக்கித் திணிக்கவேண்டியிருந்தது. நாள்பட்டால் மருந்து கட்டி தட்டிப்போய்ச் சரியாக எரியாது. பெட்டியில் போட்ட வேகம் ஒன்று, காட்டில் கிடைத்த வேகம் இன்னொன்று. ஜாக் லாட் என்ற அமெரிக்கரை 1959-இல் மொசாம்பிக்கில் ஒரு எருமை முட்டித் தள்ளியது. அவர் கையில் இருந்ததும் .458 தான். அந்த வலியை மறக்காமல் 1971-இல் .375-இன் முழு நீளக் கூட்டை எடுத்து .458 குண்டு உட்காரும்படி விரித்தார். அதே 500 கிரெய்ன், இப்போது 2,300 அடி வேகம். நல்ல தோட்டா. குறை சொல்ல ஒன்றுமில்லை, உதையைத் தவிர.

அந்த உதை .375-ஐவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. என் வலப் புருவத்துக்கு மேல் பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கிறதே, சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேன். பொய். அங்கே நான் துப்பாக்கி பழுது பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், மரக்கட்டை விரிசல் விட்டு வந்த ஒரு .458-ஐ ஒட்டிவிட்டு, சோதிக்கிறேன் என்று டெலஸ்கோப்போடு பெஞ்சில் குனிந்து சுட்டேன். கண்ணாடி வளையம் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மாதம், எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் விசையை இழுக்கும் முன்பே என் தோள் சுருங்கும். முப்பது வயதில், அதைத் தொழிலாக வைத்திருந்த ஆளுக்கே அப்படி.

இரட்டைக்குழலைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அழகு. இரண்டு குழல், இரண்டு விசை, இரண்டு பூட்டு. ஒன்று மக்கர் செய்தாலும் இன்னொன்று இருக்கும். அதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு தெரியுமா? வெள்ளைக்காரன் ஆட்சியில், பட்டாளத்து மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கிக்கு ஆகிற குண்டு கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று பயந்து, இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவைத் தடை செய்தார்கள். லண்டன் கம்பெனிகள் வியாபாரத்தை விடுவார்களா? கொஞ்சம் தள்ளி .465, .470, .475 என்று புது அளவுகளை இறக்கினார்கள். நீ பார்த்து ஆசைப்படுகிற .470 அப்படி வந்து நிலைத்ததுதான். ஆனால் இரண்டு வெடிக்கு அப்புறம் மடக்கித் திறந்து, தடவி எடுத்து, போட்டு, மூடவேண்டும். அதோடு அந்த இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுட, எந்தத் தோட்டாவுக்கு இசைத்தார்களோ அதையே போடவேண்டும். பயிற்சிக்கு இருநூறு தோட்டா வாங்கினாலே உன் சீசன் சம்பளம் காலி. கிழவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடு.

இப்போது சொல்லப்போவது நான் இதுவரை உன்னிடம் சொல்லாதது.

2006-இல் உனக்கு பதினோரு வயது. நீ பாபு என்று கூப்பிடுவாயே, தடம் பார்த்து விலங்கைத் தேடும் அந்த டிராக்கர் தாத்தா, ருங்க்வா காட்டிலிருந்து தொடையில் கட்டோடு வந்து நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கும். எருமை முட்டியது என்று மட்டும் உனக்குத் தெரியும். அந்த எருமைக்கு முன்னால் நின்ற துப்பாக்கி என் பெஞ்சிலிருந்து போனது. .458 மேக்னமாக இருந்ததை லாட்டாக மாற்றித் தரச் சொன்னார்கள். சேம்பரைக் கால் அங்குலத்துக்கு மேல் நீட்டினேன், தோட்டா அடுக்கும் மேகஸின் பெட்டியை மாற்றினேன், தோட்டா ஏறும் தண்டவாளங்களைக் கல்லால் தேய்த்தேன். என் கையிருப்பில் இருந்த உருண்டை மூக்குத் தோட்டா மூன்றைப் போட்டு, போல்ட்டை மெதுவாகத் தள்ளிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போயிற்று. "ஃபுண்டி (மெக்கானிக்) பார்த்துவிட்டான், சரியாகத்தான் இருக்கும்" என்று எடுத்துப் போனார்கள்.

அவர்கள் காட்டில் போட்டது தட்டை மூக்குக் குண்டு. முழுப் பித்தளையில் கடைந்தது, எலும்பில் நேராகப் போகும், அந்தச் சமயத்தில் புதிதாகப் பேசப்பட்டது. முதல் தோட்டா சுட்டது, இரண்டாவது சுட்டது. மூன்றாவதின் தட்டை விளிம்பு சேம்பர் வாயில் இடித்து நின்றுவிட்டது. போல்ட் பாதியில். எருமை ஆளைத் தாண்டிப் பின்னால் நின்ற பாபுவை வாரியது. அதை விழவைத்தது யார் தெரியுமா? வேட்டைக்கு வந்தவரின் மனைவி, கையில் .375. மூன்று தடவை சுட்டாராம், மூன்றும் தடையில்லாமல் ஏறியதாம்.

அதனால் .375 தான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. அந்த லாட் ஏறியிருந்தால் எருமை அங்கேயே விழுந்திருக்கும். மேகஸின் நிறையப் போட்டு, அவர்கள் கொண்டுபோகிற அதே தோட்டாவைக் கேட்டு வாங்கி, வேகமாக, ஆத்திரத்தோடு போல்ட்டை அடித்துப் பார்த்திருக்கவேண்டும். அரை மணி நேர வேலை. சாயங்காலம் ஆகிவிட்டது, வண்டி வாசலில் நிற்கிறது என்று விட்டுவிட்டேன். கம்பெனியில் யாரும் என்னைக் கேட்கவில்லை. தோட்டா பழுது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நானும் வாய் திறக்கவில்லை.

இப்போது உன் துப்பாக்கிக்கு வா. இந்த வருஷம் நீ கற்றுக்கொள்கிறவன். உன் குரு முன்னால் பெரிய துப்பாக்கியோடு நிற்பார். .375-ஐ எடு. இரண்டு சீசன் அதோடு நட. நாலு கிலோதான், நாள் முழுக்கத் தோளில் தொங்காமல் கையிலேயே இருக்கும். கனமான துப்பாக்கியை மத்தியானத்துக்கு மேல் எல்லோரும் சுமக்கும் பையனிடம் கொடுத்துவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் லாட் வாங்குவதானால் வாங்கு, லாட்டில் பழைய .458 மேக்னம் தோட்டாவும் போட்டுச் சுடலாம், உதை குறைவு, பழக அதை வைத்துக்கொள்ளலாம். என் ஆசையைக் கேட்டால் .416 ரிக்பி. 1911-இல் வந்தது, 400 கிரெய்ன், இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பெரிய மனுஷன். ஆனால் அங்கே உனக்கு யாரும் அதை விற்கவில்லை, பேசிப் பயனில்லை.

புர்னோவை எடுக்கும்போது இரண்டு விஷயம். பழைய 602-இல் சேஃப்டி தலைகீழ். மற்ற துப்பாக்கிகளில் முன்னால் தள்ளினால் சுடத் தயார். அதில் பின்னால் இழுத்தால்தான் தயார். கைக்கு அது பழகும்வரை வெறும் துப்பாக்கியோடு வீட்டில் நூறு தடவை செய். வேறு துப்பாக்கியை நடுவில் தொடாதே, கை குழம்பிவிடும். இரண்டாவது, எக்ஸ்ட்ராக்டர், சுட்ட கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கி. நீளமான நகம் மாதிரி இருக்கும், மேகஸினை விட்டுக் கிளம்பும்போதே தோட்டாவின் அடிவிளிம்பைப் பிடித்துக்கொள்ளவேண்டும். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துப் போல்ட்டை ஓட்டினாலும் தோட்டா கீழே விழக்கூடாது. விழுந்தால் வாங்காதே.

பயிற்சிக்கு ஒரு வழி. நண்பன் ஒருவனை மேகஸினை நிரப்பச் சொல். நடுவில் எங்கோ ஒரு டம்மி தோட்டா, எந்த இடம் என்று உனக்குத் தெரியக்கூடாது. வெடிக்காமல் 'டிக்' என்ற அந்த நொடியில் குழல் நுனி எங்கே போகிறது என்று அவன் பார்க்கட்டும். தாழ்ந்தால் நீ உதைக்குப் பயப்படுகிறாய். வெட்கப்படாதே, தோட்டாவைக் குறைத்து மறுபடி ஆரம்பி. போல்ட்டைத் தோளிலிருந்து இறக்காமல் ஓட்டு. .375 நீளமான தோட்டா, முழுசாக, அடிவரை பின்னால் இழுக்கவேண்டும். பதற்றத்தில் முக்கால்தான் இழுப்போம். அப்போது காலிக் கூடு வெளியே வரும், புதுத் தோட்டா ஏறாது, நாம் சேம்பர் நிறைந்திருக்கிறது என்று நம்பிக்கொண்டு நிற்போம்.

குண்டு எது என்று கேட்டாய். எருமைக்கு முதலில் பட்டதும் விரிகிற நல்ல சாஃப்ட், கீழே எல்லாம் விரியாமல் நேராகப் போகிற சாலிட். யானைக்கு சாலிட் மட்டும். இதில் உன் குரு சொல்வதைக் கேள், என்னைவிட அவர் பார்த்தது அதிகம்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவளுக்கு நீ ஜீப்பில் வெள்ளைக்காரர்களுக்குச் சிங்கம் காட்டுகிறாய், அவ்வளவுதான். இங்கே எதிர்வீட்டுக்காரர் ஒரு ஒற்றைக்குழலுக்கு லைசென்ஸ் வைத்துக்கொண்டு எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் ஸ்டேஷனில் ஒப்படைப்பதும் வாங்குவதுமாக அலைகிறார். அதைச் சுத்தம் செய்து கொடுத்தேன், அதுதான் இப்போது என் தொழில்.

புர்னோவுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. நீ காட்டில் போடப்போகிற அதே தோட்டா, மேகஸின் நிறைய, சுடும் மைதானத்தில் குழல் மண்மேட்டைப் பார்த்திருக்க, போல்ட்டை உன் வேகத்தில் ஓட்டு. பாட்டுப் போடாதே, எனக்குச் சத்தம் வேண்டும். எங்கே உரசுகிறது என்று காதே சொல்லிவிடும்.

மோண்டுலி பக்கம் போனால் பாபுவைப் பார்த்துவிட்டு வா. ஒரு கிலோ டீத்தூள், ஒரு போர்வை என் கணக்கில். இன்னும் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறாரா என்று பார்த்து எழுது. நான் மேலே எழுதியதை நீ அவரிடம் சொல்லவேண்டாம். ஜனவரியில் நான் வருகிறேன், டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நானே உட்கார்ந்து சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா