கொடிகாமம் புகையிரத நிலைய வரலாற்றைத் தொகுக்க உதவியோருக்கு நன்றி மடல்

கொழும்பு

அன்பும் மதிப்பும் மிக்க பெரியோர்களே, நண்பர்களே,

வணக்கம். கொடிகாமம் புகையிரத நிலையத்தின் வரலாற்றையும் அது மக்களுக்கு ஆற்றிய, இன்றும் ஆற்றிவருகின்ற சேவைகளையும் ஒரு சிறுநூலாகத் தொகுக்கும் பணி நிறைவுபெற்று, நூல் அச்சகத்துக்குச் சென்றுவிட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் பிறந்து கொழும்பில் வாழ்ந்துவரும் நாங்கள் சிலர் சேர்ந்து இதைத் தொடங்கினோம். ஆயினும், தம்மிடம் இருந்த காகிதங்களையும் படங்களையும் நினைவுகளையும் நம்பிக்கையோடு எங்கள் கையில் ஒப்படைத்தவர்கள் இல்லாவிட்டால் நூலின் முதற்பக்கத்தைக்கூட நாங்கள் எழுதியிருக்க முடியாது. அவர்களுக்கு நூலின் முன்னுரையில் ஒரு வரியில் நன்றி சொல்லி முடித்துவிட எங்களுக்கு மனம் வரவில்லை. உதவியோரிற் பலர் தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதனால், ஒவ்வொருவரையும் அவர்கள் செய்த உதவியைக் கொண்டே இம்மடலில் குறிப்பிடுகிறேன்.

தேசிய சுவடிகள் திணைக்களத்தின் வாசிப்பறையில் கடமையாற்றும் உத்தியோகத்தர்களுக்கு எங்கள் முதல் நன்றி உரியது. இலங்கை அரசாங்கப் புகையிரதப் பகுதியின் பழைய நிர்வாக அறிக்கைகளில் எந்த ஆண்டின் கட்டில் எதைத் தேடலாம் என்று அவர்கள் பொறுமையோடு சொல்லித் தந்தார்கள். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை முதலாவது புகையிரதம் ஓடியது 1864 டிசம்பர் 27 ஆம் திகதி. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதே அந்நாளைய பாதைகளின் தலையாய நோக்கமாக இருந்ததால், வடபகுதி மக்கள் மேலும் நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. வடபாதையின் வேலை இரு முனைகளிலிருந்தும் நடந்தது என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியமாட்டார்கள். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான பகுதி 1902 மார்ச் 11 ஆம் திகதி திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பாதை கொடிகாமத்தைக் கடந்து பளை வரை நீண்டது. ஆனால் அப்போது தெற்கேயிருந்து வந்த பாதை இன்னும் வன்னிக் காட்டைக் கடக்கவில்லை. கொழும்போடு நேரடித் தொடர்பு ஏற்பட்டது 1905 ஆகஸ்ட் 1 ஆம் திகதி. ஆக, கொடிகாமத்தார் புகையிரதத்தைக் கண்டு சில ஆண்டுகள் சென்ற பின்னரே அதில் ஏறிக் கொழும்புக்கு வரும் வாய்ப்பைப் பெற்றார்கள். அதற்கு முன்னர் கரையோரமாக நீராவிக் கப்பலில் வரவேண்டும். இல்லையேல் மாட்டுவண்டியில் நாட்கணக்கில் காட்டுவழியே வரவேண்டும்.

வெள்ளவத்தையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தாருக்கும், இணையத்தில் ஈழத்து ஆவணங்களைப் பேணிவரும் நூலகம் நிறுவனத்தாருக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம். ஊர்மலர்கள், கல்லூரி மலர்கள், கோயில் மலர்கள், நினைவு மலர்கள் என்று நாம் சாதாரணமாகப் புறந்தள்ளிவிடும் வெளியீடுகளிலேதான் ஒரு சிறுநகரத்தின் வரலாறு சிதறிக் கிடக்கிறது என்பதை அவர்களின் சேகரிப்பே எங்களுக்குக் காட்டியது.

தெஹிவளையில் வசிக்கும் ஓய்வுபெற்ற நிலைய அதிபர் ஐயா அவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். வடபாதையின் பல நிலையங்களில் பணியாற்றிய அவர், ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரும் புதிருமாக வரும் வண்டிகள் எவ்வாறு பாதுகாப்பாக ஓடின என்பதைத் தாளில் படம் வரைந்து எங்களுக்கு விளக்கினார். இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைத் துண்டு ஒவ்வொன்றுக்கும் ‘ரப்லட்’ எனப்படும் வட்டமான உலோக வில்லைகள் உண்டு. இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அடுத்த நிலைய அதிபர் மணிக்குறிப்பால் சம்மதம் தெரிவித்தாலன்றிக் கருவியிலிருந்து வில்லையை வெளியே எடுக்க முடியாது. ஒன்று வெளியே வந்துவிட்டால், அது மறுமுனையில் உரிய கருவிக்குள் போய்ச் சேரும்வரை இன்னொன்று வெளியே வராது. அந்த வில்லை கையில் இருந்தால் மட்டுமே சாரதி வண்டியை எடுக்கலாம். நிற்காமற் செல்லும் வண்டிக்கு, தோற்பையில் இட்ட வில்லையைப் பெரிய வளையத்தில் கோத்து நீட்ட வேண்டும். ஓடும் இயந்திரத்தில் நிற்பவர் கையை நீட்டி அதைத் தோளோடு வாங்கிக்கொண்டு, முன்னைய துண்டின் வளையத்தை மேடையில் எறிந்துவிட்டுப் போவார். இரவு வேளையில், மழையில், அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் இதைச் செய்வதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஐயா எழுந்து நின்று கையை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று செய்து காட்டினார். எங்கள் நூலில் உள்ள அத்தியாயங்களில் எனக்கு மிகவும் நிறைவளிப்பது அவருடைய விளக்கத்தைக் கொண்டு எழுதியதுதான். யாழ்ப்பாணத்துப் படித்த இளைஞர்கள் இலங்கைப் புகையிரதப் பகுதியில் மட்டுமன்றி மலாய நாட்டுப் புகையிரத சேவையிலும் பெருந்தொகையாகப் பணிபுரிந்த வரலாற்றை நினைக்கும்போது, இத்தகைய தொழிலறிவு நம் குடும்பங்களில் எவ்வளவு பரவியிருந்தது என்பதும், அதை எவ்வளவு குறைவாக எழுதிவைத்திருக்கிறோம் என்பதும் புலப்படுகின்றன.

பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, நெல்லியடி, கரவெட்டிப் பகுதிகளைச் சேர்ந்த மூத்தோர்கள் தந்த செவ்விகளுக்கும் மனமார்ந்த நன்றி. வடமராட்சிக்குள் புகையிரதப் பாதை என்றுமே போனதில்லை. ஆகவே வரணி ஊடாகப் பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி யாழ்ப்பாண வீதியைச் சந்திக்கும் இடத்தை அண்டியிருந்த கொடிகாமமே அவர்களுக்கும் நிலையமாயிற்று. கொழும்பில் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் கடைச் சிப்பந்தியாகவும் இருந்தவர்கள் மாலையில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இரவுத் தபால் வண்டி ஏறி, விடியற்காலையில் கொடிகாமத்தில் இறங்கிப் பஸ்ஸுக்கு ஓடியதை ஏறக்குறைய ஒவ்வொரு பெரியவரும் சொன்னார். அரசாங்க உத்தியோகத்தர்கள் வாரண்ட் எனப்படும் அரச பயண ஆணைப் பத்திரத்தைக் கொடுத்துச் சீட்டுப் பெறுவார்கள். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் இருக்கை கிடைப்பதே அரிது. ‘கோச்சி வந்திட்டுதோ?’ என்று சந்தியிலே கேட்கப்படும் கேள்விக்கு, வண்டி ஆனையிறவு தாண்டிவிட்டதா, பளையில் நிற்கிறதா என்று நிலையத்திலிருந்து பதில் போகும். 1956 ஏப்ரல் 23 ஆம் திகதி யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின்னர், பகல் வெளிச்சத்திலேயே கொழும்பிலிருந்து ஊர் போய்ச் சேரலாம் என்றாயிற்று. புகையிரதப் பொது முகாமையாளராக இருந்த ரம்பால அவர்களின் காலத்தில், கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய டீசல் இயந்திரங்களும் சேவையில் இருந்த அந்த ஆண்டுகளே பெரியோர்களின் பேச்சில் அதிகம் இடம்பெறுகின்றன.

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்த குடும்பம் ஒன்று, தம் தந்தையாரின் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடத் தந்தது. தென்மராட்சியின் மாம்பழமும் பலாப்பழமும் தேங்காயும் குடாநாட்டின் வெங்காயமும் புகையிலையும் கொழும்புக்கு வந்த வழியை அப்பக்கங்களிற் காணலாம். கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பருவத்தில் ஓலைக்கடகங்களிலும் பெட்டிகளிலும் வைக்கோல் பரப்பி அடுக்கிய பழம், பொதிகள் அலுவலகத்தில் நிறுக்கப்பட்டு, சீட்டு ஒட்டப்பட்டு, இரவு வண்டியில் ஏறும். பயணிகளை ஏற்றி இறக்குவதோடு ஒரு சிறுநகர நிலையத்தின் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அந்தக் குடும்பத்தார் தந்த சான்றுகள் போதுமானவை.

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஓர் அம்மா தந்த பொருளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அது கொடிகாமத்திலிருந்து கொழும்புக்கு எடுத்த இருவழிச் சீட்டின் திரும்பும் பாதி. தடித்த மட்டையாலான அச்சிறு துண்டின் ஓரத்தில், திகதி பொறிக்கும் இயந்திரம் அழுத்திய எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. வெட்டப்பட்ட விளிம்பு நார்நாராகப் பிரிந்திருக்கிறது. பயணம் முடிந்ததும் சீட்டை வாயிலில் கொடுத்துவிட வேண்டும் என்பதால் அக்காலச் சீட்டுகள் வீடுகளில் எஞ்சுவது மிகக் குறைவு. இந்தப் பாதி எஞ்சியதற்குக் காரணம், 1990 ஜூன் மாதத் தொடக்கத்தில் கொழும்புக்கு வந்த அவர் திரும்பிப் போவதற்கு முன்னரே பாதை நின்றுபோனமைதான். 1980களின் நடுப்பகுதியிலிருந்தே அடிக்கடி தடைப்பட்டுவந்த சேவை, 1990 ஜூன் 13 ஆம் திகதியோடு முற்றாக நின்றது. அச்சீட்டை எங்களிடம் தரும்போது அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. அதைத் தொலைத்துவிட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அதன் படம் நூலின் நடுப்பக்கத்தில் முழு அளவில் இடம்பெறுகிறது. சீட்டு அவரிடமே திருப்பி ஒப்படைக்கப்பட்டுவிட்டது.

நிலையத்தை அண்டி வாழும் குடும்பங்கள் போர்க்காலத்தைப் பற்றிப் பேசச் சம்மதித்தது பெரும் உதவி. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பிடுங்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போனதையும், பாதையின் மேட்டில் பற்றை வளர்ந்ததையும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து வெளியேறிய மக்கள் வெள்ளத்தைத் தென்மராட்சி தாங்கியதையும், 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் தாங்களே இடம்பெயர்ந்ததையும் அவர்கள் கண்கலங்கியவாறு சொன்னார்கள். அவற்றில் அவர்கள் அச்சிட அனுமதித்ததை மட்டுமே எழுதியிருக்கிறோம்.

பாதை மீண்ட வரலாறு படிப்படியானது. 2011 இல் ஓமந்தைக்கு வண்டி வந்தது. அதற்கு அப்பால், இந்தியக் கடனுதவியில் இந்திய அரச நிறுவனமான இர்கோன் மேற்கொண்ட மீள்நிர்மாணத்தால், 2013 செப்டம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 மார்ச்சில் பளைக்கும் வண்டி வந்தது. 2014 ஒக்டோபர் 13 ஆம் திகதி யாழ்ப்பாணம் வரை சேவை திறக்கப்பட்டபோது கொடிகாமமும் மீண்டும் நிலையமாயிற்று. கணக்கிட்டால் 24 ஆண்டுகளும் 4 மாதங்களும். அன்று மேடையில் திரண்ட மக்களைப் படம்பிடித்து வைத்திருந்த இளைஞர்கள், கேட்டவுடன் மூலப் படங்களையே அனுப்பிவைத்தார்கள். அவர்களுக்கும் நன்றி. அநுராதபுரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சாரதியான சிங்கள அன்பர் ஒருவர், தாம் யாழ்தேவியை ஓட்டிய காலத்துக் குறிப்பேட்டை எடுத்துவைத்து, ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் தமிழ் உச்சரிப்போடு சொல்லிச் சொல்லி விளக்கினார். எழுதுமட்டுவாள், மிருசுவில், கொடிகாமம், மீசாலை, சங்கத்தானை, சாவகச்சேரி என்று அவர் ஒழுங்கு தவறாமற் சொன்னபோது எங்களில் ஊரை விட்டு நெடுங்காலம் ஆனவர்கள் மெய்மறந்து கேட்டிருந்தோம். அவருடைய உரையை மொழிபெயர்த்துத் தந்த ஆசிரியைக்கும் எங்கள் நன்றி உரித்தாகுக.

இன்று நிலையத்தில் கடமையாற்றும் அதிபர், சீட்டு வழங்குநர்கள், பாதைப் பராமரிப்புத் தொழிலாளர்கள், கடவைக் காப்பாளர்கள் அனைவரும் வேலைக்கிடையே நேரம் ஒதுக்கி எங்கள் வினாக்களுக்கு விடையளித்தார்கள். மரச் சிலிப்பர் கட்டைகளின் இடத்தில் கொங்கிறீற் சிலிப்பர்களும், ரப்லட் கருவியின் இடத்தில் மின் சமிக்ஞைகளும் வந்துவிட்ட போதிலும், கொழும்பு வைத்தியசாலைக்குச் செல்லும் முதியவரும் பல்கலைக்கழக மாணவரும் விடுமுறைக்கு வரும் குடும்பமும் சாய்ந்துகொண்டு, நடமாடிக்கொண்டு, கட்டணம் குறைவாகப் பயணம் செய்வதற்குப் புகையிரதத்தையே நம்பியிருக்கிறார்கள். சிறிய நிலையம்தானே என்று அதன் பராமரிப்பையும் நிறுத்தங்களையும் குறைத்துவிடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. நூலின் இறுதி அத்தியாயத்தில் அதற்கான நியாயங்களை விரிவாக எடுத்துக் கூறியுள்ளோம். நேர அட்டவணை மாறக்கூடியது என்பதால் அதை மட்டும் நூலில் சேர்க்கவில்லை.

தட்டச்சும் மெய்ப்பும் பார்த்த மாணவர்கள், அச்சுச் செலவில் பங்கேற்ற புலம்பெயர் உறவுகள், காகிதம் விலை ஏறிய வேளையிலும் சொன்ன தொகைக்கே அச்சிட்டுத் தர ஒப்புக்கொண்ட அச்சகத்தார் ஆகியோருக்கும் நன்றி.

உதவிய ஒவ்வொருவருக்கும் நூலின் பிரதி ஒன்று கையில் சேர்ப்பிக்கப்படும். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் கொடிகாமத்தை அண்டிய பாடசாலைகளின் நூலகங்களுக்கும் பிரதிகள் வழங்குவோம். செவ்விகளின் ஒலிப்பதிவுகளை, தந்தவர்களின் அனுமதியோடு, நூலகம் நிறுவனத்திடம் ஒப்படைக்கவுள்ளோம். 1990க்கு முற்பட்ட நிலையக் கட்டடத்தின் படமோ, பொதிச் சீட்டோ, பழைய பயணச் சீட்டோ வீட்டில் வைத்திருப்பவர்கள் எங்களுக்கு அறியத்தந்தால், வந்து படியெடுத்துக்கொண்டு மூலத்தை உடனேயே திருப்பித் தருவோம். அவை இரண்டாம் பதிப்பில் உரியவர் பெயரோடு இடம்பெறும்.

மிக்க நன்றியுடன்,
தொகுப்பாளர் குழுவின் சார்பில்,
கொழும்பு