தோப்பு இருக்கட்டும்

அன்புள்ள சபாபதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கூட வைத்திருந்த நோட்டீஸைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. ஸ்டெம் செல்லுக்கு, அதாவது வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூல செல்லுக்கு, லேசர் ஒளி காட்டி ரத்த நரம்பில் ஏற்றினால், பஞ்சு மில்லில் கெட்டுப்போன நுரையீரல் மறுபடி வளருமாம். அதற்குத் தென்னந்தோப்பை அடமானம் வைக்கப் போகிறேன் என்கிறாய். இரண்டு நாள் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஒளி விஷயம் பொய்யில்லை. 1967-ல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற டாக்டர், சுண்டெலிகளின் முதுகை மழித்துச் சக்தி குறைந்த லேசரைக் காட்டினார். ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் முளைத்தது. 2014-ல் ஹார்வர்டில் பிரவீண் அரனியும் டேவிட் மூனியும் எலியின் கடைவாய்ப் பல்லைத் துளைத்து லேசர் காட்டினார்கள். உள்ளே இருந்த ஸ்டெம் செல்கள் தூண்டப்பட்டு, 12 வாரத்தில் பல்லின் உள்திசுவான டென்டின் உருவானது. படித்தபோது எனக்கே சிலிர்த்தது.

ஆனால் பல், வாயைத் திறந்தால் எட்டும். கரண்ட் போன ராத்திரிகளில் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்தி விளையாடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? விரலிடுக்கெல்லாம் செக்கச்செவேலென்று தெரியும். மற்ற நிறங்களை ரத்தம் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் தப்பி வரும். இந்த சிகிச்சைகளில் சிவப்பு ஒளியை எடுத்துக்கொள்ள அதுவும் ஒரு காரணம். அதே டார்ச்சை நெஞ்சில் வைத்துப் பார், அந்தப் பக்கம் ஒன்றும் வராது.

அதனால்தான் உடம்புக்கு வெளியிலேயே செல்லுக்கு ஒளி காட்டி ஏற்றுகிறோம் என்கிறார்கள் நோட்டீஸ்காரர்கள். நரம்பில் ஏற்றும் செல்கள் முதலில் நுரையீரலில்தான் போய்ச் சிக்கும், அது சரி. ஆனால் பெரும்பாலானவை சில நாளில் அழிந்துவிடும். நுரையீரலுக்குள் காற்று நிரம்பும் சின்னச் சின்ன அறைகளின் இடிந்த சுவரை அவை கட்டி எழுப்புவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதலும் ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களுக்கு மட்டுமே ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக ஏற்றது. மற்றதெல்லாம் ஆராய்ச்சிதான். ஆராய்ச்சிக்கு வரும் நோயாளியிடம் பணம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

நீ மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதும் மூச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி, ஒழுங்காக இன்ஹேலர், இவை நிச்சயம் உதவும். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து வை. நீ இன்ஹேலரை எப்படி இழுக்கிறாய் என்று நான் பார்க்க வேண்டும். அதுவரை பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுக்காதே.

அன்புடன்,
கதிரேசன்