கபரகொய்யாவின் பெரியப்பா

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய டைனோசர் கதையைப் பிரிண்ட் எடுத்துவிட்டேன். கடைக்காரத் தம்பி நிறத்தில் கோட்டை விட்டுவிட்டான். நீ பச்சையாய் வரைந்தது இங்கே நாவற்பழ நிறத்தில் நிற்கிறது. பிள்ளைகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் விறாந்தையில் பாய் விரித்து ஏழு பேரை இருத்தி வாசித்தேன். முதல் பக்கத்தைத் திறந்ததுமே பக்கத்து வீட்டுச் சின்னவள், "அம்மம்மா, இது கபரகொய்யாட பெரியப்பா!" என்றாள். போன மாரியில் நம் வாய்க்காலில் படுத்திருந்ததே, அந்தப் பெரிய நீர் உடும்பு, அதை நினைத்துச் சொல்கிறாள். கொஞ்சமும் பயமில்லை. டைனோசர் நல்லது என்று காட்ட நீ மூன்று பக்கம் செலவழித்திருக்கிறாய், மகள். அந்த மூன்றும் வேண்டாம். நேரே கதைக்கு வா.

பெரியப்பா முறை இல்லை, கபரகொய்யாவை விடக் கோழிதான் டைனோசருக்குக் கிட்டின சொந்தம் என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. பிறகு சேவலைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காலைக் காட்டினேன். செதில் செதிலாய் மஞ்சள் தோல், முன்னால் மூன்று விரல், வளைந்த நகம். பெரியவன் விரலால் செதிலைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப போன ஞாயிறு நாங்க டைனோசரா சாப்பிட்டம்?" என்று கேட்டான். ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

டைனோசர் என்ற பெயர்தான் இத்தனை பயத்துக்கும் காரணம். 1842இல் ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேயர் கிரேக்கச் சொற்களைக் கோத்துப் 'பயங்கரப் பல்லி' என்று பொருள்பட வைத்தது. அந்தப் பெயரை நம்பித்தான் நீயும் பல்லையெல்லாம் ஊசியாய் வரைந்திருக்கிறாய். உன் டைனோசர் நீளக் கழுத்துச் சாதி, இலைதழை தின்பது. அதன் பல் பென்சில் மாதிரியோ கரண்டி மாதிரியோ இருக்கும். இலையை உருவி அப்படியே விழுங்கும், மெல்லாது. திருத்திவிடு.

முட்டையும் பிழை. குடிசை அளவுக்குப் போட்டிருக்கிறாய். நர்மதை ஆற்றுப் பக்கம் 92 கூடுகளில் 256 முட்டைகள் கிடைத்ததாக 2023இல் செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? அவையும் இந்த நீளக் கழுத்துச் சாதிதான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு தேங்காய் அளவு. அவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு சின்ன முட்டையிலிருந்து வந்ததென்றால் அதுவே ஒரு கதை.

இனி முக்கியமான விசயம். உன் டைனோசர் வாயைத் திறந்ததும், "வணக்கம் நண்பர்களே! நான் உங்களுக்குத் தீங்கு விளைவிக்க மாட்டேன்" என்கிறது. நான் வாசித்து முடிக்கவில்லை, "தீங்கு எண்டா என்ன?" என்று கேள்வி வந்துவிட்டது. நீ வீட்டில் அப்படியா கதைக்கிறாய்? அடுத்த முறை நானே மாற்றி, "தம்பி, பசிக்குது. முருங்கையிலை இருக்கா?" என்று வாசித்தேன். இரண்டு பேர் எழும்பி ஓடிப் போய்க் கொப்பை முறித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மரம் போனால் போகட்டும்.

ஒன்பதாம் பக்கத்தில் கோணேசர் கோயில் அழகாய் வந்திருக்கிறது. ஆனால் கோயில் நிற்கும் சுவாமி மலைக்குக் கீழே மணல் ஏது, பிள்ளை? அது கடலுக்குள் நேரே இறங்கும் பாறையல்லவா? உப்புவெளிக் கடற்கரையை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டாய். நீ போய் 11 வருடம், குற்றம் சொல்லவில்லை. மணல்தான் வேண்டுமென்றால் டச்சு பே (Dutch Bay) கடற்கரையில் நிறுத்து. கழுத்துத்தான் நீளமே, கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கோட்டைக்கு மேலால் எட்டிக் கோயிலைப் பார்க்கட்டும். கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான்களையும் விட்டுவிட்டாய். வாழைப்பழத் தோலுக்கு உன் பையை இழுத்ததையும் மறந்துவிட்டாயா?

திருத்தியதைக் கெதியாய் அனுப்பு. இருந்த ஒரு பிரதியைச் சின்னவள் தலையணைக்குக் கீழே வைக்கவென்று கொண்டுபோய்விட்டாள். கேட்டால் தர மாட்டேன் என்கிறாள்.

அம்மா