வர்ணக் குறியீடு போத்தலோடு நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

நீரிழிவு, உயர் குருதியமுக்கம், மாரடைப்பு முதலிய தொற்றா நோய்கள் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவரும் வைத்தியக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். சீனியையும் எண்ணெயையும் குறையுங்கள், மரக்கறியும் பழமும் சேருங்கள், நாள்தோறும் நடவுங்கள் என்று அவை கூறுவதில் பிழையேதும் இல்லை. ஆனால் அந்த அறிவுரையைக் கைக்கொள்ளும் வசதி இம்மாநகரின் எந்தப் பகுதியில் இருக்கிறது, எந்தப் பகுதியில் இல்லை என்ற கேள்வி எழுப்பப்படுவதே இல்லை. கொட்டாஞ்சேனையில் நெடுங்காலமாக வசிப்பவன் என்ற முறையில் அதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இலங்கையில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை தொற்றா நோய்களால் நிகழ்கின்றன. 2005–2006இல் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வொன்று வயது வந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. பின்னர் கொழும்பு மாநகர எல்லைக்குள் மட்டும் நடத்தப்பட்ட ஆய்வில் அது நான்கில் ஒருவருக்கும் மேலாக இருந்தது. 2015ஆம் ஆண்டின் தேசிய அளவீட்டின்படி, நாளொன்றுக்கு வேண்டிய அளவு பழமும் மரக்கறியும் உண்ணாத பெரியவர்கள் 72.5 சதவீதம். இத்தனை பேரும் அறிவுரை கேட்காததால்தான் நோயாளிகளானார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 2016 ஆகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களால் காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2017 நவம்பரில் சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டத்தில் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, மென்பானத்திலுள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் வரி விதித்தார். 2019இல் பொதிசெய்யப்பட்ட திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றுக்கான வர்ணக் குறியீடு விரிவாக்கப்பட்டது. தெற்காசியாவுக்கே முன்மாதிரியான நடவடிக்கைகள் இவை. வருந்தத்தக்க விதமாக அந்தச் சீனி வரி பின்னர் தளர்த்தப்பட்டது. வர்ணக் குறியீட்டிலும் ஒரு குறை இருந்தது. 2016ஆம் ஆண்டு விதியின்படி 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால்தான் சிவப்பு. ஆகவே 10 கிராம் வீதம் சீனி கொண்ட 400 மில்லிலீற்றர் போத்தல் செம்மஞ்சளோடு தப்பிவிடும். அதனுள் இருப்பதோ 40 கிராம் சீனி. சேர்க்கப்படும் சீனி ஒரு நாளுக்குரிய சக்தியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதாவது சுமார் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், இயன்றால் அதிலும் பாதியாகக் குறைய வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் பரிந்துரை. அதே 2016ஆம் ஆண்டில் சிலி நாடு, சீனியும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பொதிகளுக்குக் கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரையைக் கட்டாயமாக்கியதோடு நில்லாமல், அம்முத்திரை பெற்ற எதையும் பாடசாலைகளில் விற்பதற்கும் சிறுவரை நோக்கி விளம்பரம் செய்வதற்கும் தடை விதித்தது. நம்முடைய விதி போத்தலிலும் பொதியிலும் நிறம் காட்டுவதோடு நின்றுவிட்டது.

கொழும்பின் உழைக்கும் மக்கள் உண்பதும் குடிப்பதும் பெரும்பாலும் பொதியில் வருவதல்ல என்பதே நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு உடற்பயிற்சி பற்றி எவரும் போதிக்க வேண்டியதில்லை. அவருடைய காலை உணவு பாணும் பருப்பும் அல்லது இரண்டு பரோட்டாவும் குழம்பும். இடையிடையே பிளேன்ரீ, அதோடு ஒரு ரோல்ஸ் அல்லது பற்றிஸ். தேக்கரண்டி ஒன்றில் சுமார் 4 கிராம் சீனி என்றால், கோப்பைக்கு மூன்று கரண்டி வீதம் நான்கு கோப்பை குடிப்பவர் மென்பானம் ஒரு சொட்டும் தொடாமலே 48 கிராம் சீனி குடித்துவிடுகிறார். கடைக்காரர் கேளாமலே சீனியைக் கலந்து நீட்டுகிறார். பலமுறை சூடேறிய எண்ணெயில் ரோல்ஸ், பற்றிஸ் முதலிய சோர்ட் ஈட்ஸ் பொரிகிறது. கண்ணாடி அலுமாரியில் அடுக்கப்பட்ட அவை எதிலும் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. அந்தத் தொழிலாளியின் மீதோ கடைக்காரரின் மீதோ நான் குறை சொல்லவில்லை. மலிவாகவும் விரைவாகவும் வயிற்றை நிரப்புவது அதுதான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்ட காலத்தில், பல வீடுகளில் முதலில் குறைந்தவை மீனும் முட்டையும் மரக்கறியுமே. மரக்கறி மொத்த விற்பனை நடக்கும் மெனிங் சந்தை பேலியகொடைக்கு மாற்றப்பட்டதால் நெரிசல் குறைந்தது உண்மை. ஆனால் அது கோட்டைப் புகையிரத நிலையத்தின் அயலில் இருந்தபோது, வேலை முடிந்து வீடு திரும்புவோர் ஒரு கட்டுக் கீரையையும் அரைக் கிலோ போஞ்சியையும் மலிவு விலையில் வாங்கிக்கொண்டு போக முடிந்தது.

இதற்குப் பெருந்திட்டம் எதுவும் தேவையில்லை. உணவுக் கடைகளின் தூய்மையைப் பார்வையிடப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஏற்கனவே செல்கிறார்கள். தேநீருக்குச் சீனியைத் தனியே கொடுப்பது, கழித்த எண்ணெயை மீண்டும் பாவிக்காதிருப்பது, மதியச் சோற்றுப் பொதியில் ஒரு கீரையோ வறையோ கட்டாயம் வைப்பது, சிவப்பரிசிச் சோற்றுக்கு மேலதிக விலை வாங்காதிருப்பது ஆகிய நான்கையும் அவர்களுடைய தரப்படுத்தலில் சேர்த்து, அவற்றைக் கடைப்பிடிக்கும் கடைகளுக்கு அனுமதிப்பத்திரக் கட்டணத்தில் மாநகர சபை சலுகை கொடுக்கலாம். பொன்னாங்காணியும் வல்லாரையும் இலைக்கஞ்சியும் குரக்கன் பிட்டும் நம் மக்களுக்குப் புதியவை அல்ல. அவை வேலைத்தலத்தின் வாசலில், பணிஸின் விலையில், காலை ஆறு மணிக்குக் கிடைக்க வேண்டும்.

நடப்பதற்கு வருவோம். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும், சிறுவர்கள் நாளுக்கு 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறார்கள். சுதந்திர சதுக்கத்திலும் விகாரமகாதேவி பூங்காவிலும் தியத்த உயனவிலும் காலை மாலை நடப்போரைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் வட கொழும்பில் மட்டக்குளி காக்கைத்தீவுக் கடற்கரைப் பூங்காவை விட்டால் அப்படிச் சொல்ல வேறு எத்தனை இடங்கள் உள்ளன? ஜம்பட்டா வீதியிலும் கிராண்ட்பாஸிலும் நடைபாதையை வாகனங்களும் சாமான்களும் அடைத்துக்கொண்டிருக்க, பாதசாரி வீதியில் இறங்கி லொறிகளுக்கு இடையே நடக்கிறார். தோட்டம் என்றழைக்கப்படும் நகரின் நெருக்கமான குடியிருப்புகளிலிருந்து தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் மாடி ஒழுங்கையிலேயே விளையாடுகிறார்கள். பெண்களின் நிலை இன்னும் கடினம். வெளிச்சமில்லாத தெருவில், பார்வைகளுக்கும் பேச்சுகளுக்கும் நடுவில், சமையல் முடிந்த பின் தனியே நடக்கச் சொன்னால் யார் நடப்பார்கள்? போதிய உடலுழைப்பு இல்லாதோர் ஆண்களைவிடப் பெண்களிடையே அதிகம் என்று தேசிய அளவீடுகள் காட்டுவதில் வியப்பில்லை.

இப்பகுதியில் பாடசாலை மைதானங்கள் உண்டு; பாடசாலை விட்டதும் பூட்டப்படுகின்றன. மாலை ஐந்து முதல் ஏழரை வரை, ஒரு காவலாளியும் நான்கு மின்விளக்குகளும் இருந்தால், அயலிலுள்ள பெண்களும் முதியோரும் அங்கே அச்சமின்றி நடக்கலாம். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வீதிகளை வாகனங்களுக்கு மூடி மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். கடைகள் பூட்டியிருக்கும் ஞாயிறு காலையில் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களையாவது மூன்று மணிநேரம் அவ்வாறு விட முடியாதா? பிள்ளைகளுக்கு அந்த மூன்று மணிநேரம் கிடைக்க வேண்டுமாயின் ஞாயிறு காலை ரியூசனைப் பெற்றோராகிய நாமும் கைவிட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. குருதியமுக்கத்தையும் சீனியையும் இலவசமாகப் பரிசோதிக்கும் சுகவாழ்வு நிலையங்களுக்கு ஆண்கள் வருவது குறைவு என்று சுகாதாரத் துறையினரே கவலைப்படுகிறார்கள். நாட்சம்பளக்காரர் ஒருவர் பரிசோதனைக்காக ஒரு நாள் கூலியை இழக்க மாட்டார். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாவது இந்நிலையங்களைத் திறந்து, வட கொழும்பில் தமிழில் விளக்கம் சொல்லக்கூடிய உத்தியோகத்தர் ஒருவரையும் அமர்த்த வேண்டும்.

அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்பாக, மென்பானங்களின் மூலம் திரட்டப்படும் வரியில் ஒரு பங்கை இத்தகைய பணிகளுக்கென ஒதுக்குமாறு சுகாதார அமைச்சையும், வட கொழும்பில் எந்தெந்த மைதானங்களை மாலையில் திறக்க முடியும் என்று பகிரங்கமாக அறிவிக்குமாறு மாநகர சபையையும் தங்கள் பத்திரிகை கேட்டு எழுத வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.