டீசலைச் சேர்ந்து வாங்கினால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு பேரூராட்சியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். உள்ளாட்சி வண்டிகளுக்கு டீசல் வாங்கும் முறையைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம்.

எங்கள் அலுவலகத்தில் டிரைவரிடம் இன்டென்ட் சீட்டு எழுதிக் கொடுப்போம். பெட்ரோல் பங்கில் சீட்டைக் கொடுத்து டீசல் பிடித்து வருவார். மாதக் கடைசியில் பில் வரும். வரி வசூல் குறைந்த மாதத்தில் அந்த பில் மேஜையிலேயே கிடக்கும். பாக்கி ஏறினால் பங்க்காரர் சீட்டை வாங்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் கம்பெனிக்கு முன்பணம் கட்டித்தான் லோடு இறக்குகிறார். ஆனால் குப்பை டிராக்டர் ஷெட்டில் நின்றுவிடும். கொசுவுக்குப் புகை அடிக்கும் மெஷினுக்கும் அதே டீசல்தான், டெங்கு நேரத்தில் அதுவும் நிற்கும். தெருவில் குப்பை குவிந்தால் ஜனங்கள் திட்டுவது துப்புரவுப் பணியாளர்களைத்தான். அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

வேலூர் மாநகராட்சி, குடியாத்தம், பேரணாம்பட்டு நகராட்சிகள், பள்ளிகொண்டா, ஒடுகத்தூர், பென்னாத்தூர், திருவலம் பேரூராட்சிகள், இவை எல்லாம் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் டீசல் வாங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அமெரிக்காவில் பல இடங்களில் நகர சபையும் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து ஒரே டெண்டர் விடுகிறார்கள். வண்டிகளுக்கு டீசல், பனிக்காலத்தில் கட்டடங்களைச் சூடாக்கும் எண்ணெய் எல்லாம் அதில் அடக்கம். அன்றன்று வெளியாகும் மொத்த விலையை அப்படியே ஏற்றுக்கொண்டு, கொண்டுவந்து இறக்குவதற்கு மேற்கொண்டு எவ்வளவு என்பதில் மட்டும் போட்டி வைப்பார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்தத் தொகை மாறாது.

நம் பெட்ரோல் பங்க்குகளில் 2017 ஜூனில் விலையைத் தினமும் மாற்றும் முறை வந்தது, பங்க்குக்குப் பங்க் பைசாக் கணக்கில்தான் வித்தியாசம், சேர்ந்து வாங்கி என்ன மிச்சம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மொத்தமாக வாங்கினாலே மலிவு என்றும் நம்பிவிடக் கூடாது. 2022 மார்ச்சில் மொத்தக் கொள்முதல் டீசல் மட்டும் லிட்டருக்குச் சுமார் 25 ரூபாய் ஏறியது. பங்க் விலை அந்த அளவுக்கு ஏறவில்லை. சில மாநிலங்களில் அரசுப் பேருந்துகளே பங்கில் வரிசையில் நின்றன. ஆகவே மொத்த விலை, பங்க் விலை இரண்டில் எது குறைவோ அதில் எடுக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. எண்ணெய் கம்பெனிகள் லாரிக்காரர்களுக்கு டீசல் போட ஃப்ளீட் கார்டு என்ற அட்டை கொடுக்கின்றன. அதை நம் வண்டிகளுக்கும் வாங்க வேண்டும். எந்த வண்டி, எந்தப் பங்க், எத்தனை லிட்டர் என்பது அதில் உடனே பதிவாகும். லாக் புக்கில் எழுதிய கிலோமீட்டரோடு அதை ஒப்பிட்டால், எந்த வண்டி அதிகம் குடிக்கிறது, எங்கே டீசல் கசிகிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். சலுகை பேசவும் ஒரு சின்னப் பேரூராட்சியால் ஆகாது, ஏழு அமைப்புகள் சேர்ந்து போனால் கம்பெனி உட்கார்ந்து பேசும். ஒரு மாத டீசலுக்கான பணத்தில் அவரவர் பாகத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் போட்டுவிட்டால், எங்கள் டிராக்டர் நின்றது போல் எதுவும் நிற்காது. ஒருவர் பாக்கி வைத்தாலும் மற்றவர்களுக்கு டீசல் நிற்கக் கூடாது என்பதையும் எழுத்தில் வைக்க வேண்டும்.

ஒரே ஒப்பந்தம் என்பதற்காகப் பேரணாம்பட்டு டிராக்டர் வேலூர் வரை வர வேண்டியதில்லை. கார்டு அந்தந்த ஊர்ப் பங்கிலேயே செல்லும், உள்ளூர்க்காரர் வியாபாரமும் கெடாது. 2019-இல் பிரிந்துபோன ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களும் விரும்பினால் அப்புறம் சேர்ந்துகொள்ளலாம்.

மாவட்ட ஆட்சியர் அவர்கள் மாநகராட்சி, நகராட்சி ஆணையர்களையும் பேரூராட்சி செயல் அலுவலர்களையும் அடுத்த பட்ஜெட்டுக்கு முன் ஒரு நாள் அழைத்துப் பேச வேண்டும். வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் வண்டிப் பட்டியலையும், கடந்த ஓராண்டில் மாதவாரியாக வாங்கிய லிட்டரையும், இன்னும் கொடுக்காத பில் பாக்கியையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேரூராட்சிப் பணியாளர்,
காட்பாடி.