பாடியவர் தனியாக வாய்தாவுக்குப் போகக் கூடாது: மக்கள் பாடகர்கள் வழக்கு நிதிக்காக ஒரு வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தெருவில் நின்று பாடுகிறவர்கள் மேல் வழக்கு விழும்போது அன்றைக்கே கைகொடுக்க ஒரு பொது நிதி வேண்டும். அதற்காகப் பாடகர்களும் பறைக் கலைஞர்களும் சில வழக்கறிஞர்களும் சேர்ந்து இந்தக் குழுவைத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் பங்கைக் கேட்டு எழுதுகிறோம்.

2015ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். மார்த்தாண்டம் அருகே உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் ஜூலை 31 அன்று உயிரிழந்தார். ஊர் ஊராகப் பெண்களும் மாணவர்களும் டாஸ்மாக் கடைகளை முற்றுகையிட்டார்கள். அந்த நேரத்தில் மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன், அரசே சாராயம் விற்பதைக் கேட்டு, முதலமைச்சரையே நேருக்கு நேர் சாடி இரண்டு பாட்டுகள் பாடினார். அவை இணையத்தில் பரவின. அக்டோபர் 30 விடிவதற்கு முன்பே திருச்சியில் அவர் வீட்டுக்குப் போலீஸ் வந்துவிட்டது.

போட்ட பிரிவுகளில் ஒன்று இந்திய தண்டனைச் சட்டம் 124அ, அதாவது தேசத்துரோகம். வெள்ளைக்காரன் 1870இல் கொண்டுவந்த பிரிவு. 1908இல் வ.உ.சி.யைச் சிறைக்கு அனுப்பியதும் இதுதான். மதுக்கடையை மூடு என்று பாடியவர் மேல் இதைப் போட எப்படி மனம் வந்தது என்று இன்றைக்கும் எங்களுக்கு ஆறவில்லை. நவம்பர் நடுவில் ஜாமீன் கிடைத்தது. அப்புறமும் அரசு விடவில்லை. போலீஸ் காவல் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 2018 ஏப்ரலில், ரத யாத்திரையை விமர்சித்த பாட்டுக்காக அவரை மறுபடியும் கைது செய்தார்கள்.

கோவனுக்கு ஓர் அமைப்பு இருந்தது, வாதாட வழக்கறிஞர்கள் இருந்தார்கள், நாடே பேசியது. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. விடுதலைப் போராட்ட காலத்தில் மேடையிலிருந்தே பலமுறை கைதான நாடகக் கலைஞர் விசுவநாததாஸ், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே இறந்தார். கடைசிக் காலம் வரை கடன் அவரை விடவில்லை. நம் காலத்தில் புனேயின் கபீர் கலா மஞ்ச் என்ற கலைக்குழுவின் பாடகர்களான சாகர் கோர்கே, ரமேஷ் கைச்சோர், ஜோதி ஜக்தாப் மூவரும் 2020 செப்டம்பரில் ஊபா என்கிற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் கைதாகி, விசாரணைக் கைதிகளாகவே ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள்.

ஊர்ப்புறத்தில் பாடுகிற ஒருவர் மேல் பெரும்பாலும் இத்தனை பெரிய பிரிவு விழாது. அனுமதியில்லாமல் கூடினார், போக்குவரத்துக்கு இடையூறு செய்தார் என்று சின்ன வழக்காகத்தான் இருக்கும். ஆனால் அதற்கும் வக்காலத்து போட வேண்டும். ஜாமீனுக்கு இரண்டு பேர் ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதோடு நீதிமன்றத்தில் வந்து நிற்க வேண்டும். கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு அந்த இரண்டு பேரைக் கண்டுபிடிப்பதே பெரிய பாடு. நிபந்தனை ஜாமீன் என்றால் தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து. அதுவும் சில சமயம் வேற்றூரில். பெயின்ட் அடிக்கிறவர், கொத்து வேலைக்குப் போகிறவர் பத்தரை மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு எந்த வேலைக்குப் போவார்? பறிமுதல் செய்த பறையும் செல்போனும் திரும்பி வர மாதக்கணக்காகும். பிறகு வாய்தா மேல் வாய்தா. தீர்ப்பில் விடுதலை என்றே வந்தாலும், அதற்குள் பாடுவதை விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று போனவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. அந்தச் செலவை நாம் பகிர்ந்துகொள்ளாமல் விட்டோம்.

124அ பிரிவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது உண்மைதான். ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து விளைவித்தார் என்று போடுகிற 152ஆம் பிரிவு ஆயுள் தண்டனை வரை போகிறது. ஆகவே பயம் போய்விடவில்லை.

முதல் கட்டமாக 4 லட்சம் ரூபாய் திரட்ட நினைக்கிறோம். வழக்குச் செலவு, நீதிமன்றத்துக்குப் போய்வரும் செலவு, உள்ளே இருப்பவர் வீட்டுக்கு மாத அரிசி பருப்பு, பறிபோன கருவிக்குப் பதில் கருவி. இவை தவிர வேறு எதற்கும் இந்தப் பணம் போகாது. எந்தக் கட்சி, எந்த அமைப்பு என்று பார்க்க மாட்டோம். சாதி வெறியையோ மத வெறியையோ தூண்டிப் பாடியவருக்கு மட்டும் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. மேலே பெயர் சொன்ன யார் சார்பிலும் நாங்கள் பணம் திரட்டவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

நூறு ரூபாய் என்றாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கைக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புவோம். கட்சிகளிடமும் ஒப்பந்ததாரர்களிடமும் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற நண்பர்கள் மன்னிக்க வேண்டும்; வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாத எங்களால் உங்களிடம் பெற முடியாது.

பணம் இல்லாதவர்கள் ஜாமீன்தாரராக வர முன்வரலாம். சொந்த வீட்டு வரி ரசீது உள்ள பத்துப் பேர் மாவட்டத்துக்குக் கிடைத்தாலே பாதிச் சுமை இறங்கிவிடும். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து தந்த தோழரிடமே பெயரும் ஊரும் எழுதிக் கொடுங்கள். பொருளாளர் உங்களோடு பேசுவார்.

நன்றியுடன்,
குழு உறுப்பினர்கள்